குடியை நிறுத்த ஏ.ஏ. கூட்டத்துக்குப் போக நினைக்கிறேன், போனவர்கள் விவரம் சொல்லுங்கள்

பூட்டூர்க்காரன்

எல்லோருக்கும் வணக்கம். ஊர் திண்டுக்கல் பக்கம். நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் ஃபிட்டர் வேலை. ஷிப்ட் முடிந்ததும் ஒரு குவார்ட்டர் என்றுதான் பல வருடம் ஓடியது. இப்போது காலையில் ஒரு கட்டிங் போடாமல் ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை, கை அப்படி நடுங்குகிறது. முன்பெல்லாம் சண்டை போட்ட மனைவி இப்போது பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

நிறுத்தியே ஆக வேண்டும். ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ., குடியை விட நினைப்பவர்கள் ஒன்றுகூடிப் பேசும் அமைப்பு என்று ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு போஸ்டர் பார்த்தேன். அங்கே போனால் பெயர், விலாசம், ஆதார் எல்லாம் கேட்பார்களா? பணம் எவ்வளவு? சர்ச் வளாகத்தில் நடக்கிறது என்று போட்டிருந்தது, மதம் மாற்றுகிற விஷயமா? எழுந்து நின்று பேசச் சொன்னால் எனக்கு வராது. எல்லாவற்றுக்கும் மேல், எங்கள் ஊரில் நடந்தால் தெரிந்தவன் எவனாவது பார்த்துவிடுவான். போனவர்கள் இருந்தால் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

வைகைக்கரை

தம்பி, நான் மதுரையில் பல வருடங்களாகக் கூட்டத்துக்குப் போகிறவன். கேட்ட வரிசையில் இல்லாமல் சொல்கிறேன்.

கட்டணம் கிடையாது, வருகைப் பதிவேடும் கிடையாது. ஆதார் பேச்சே வராது. உங்கள் பெயராக எதைச் சொல்கிறீர்களோ அதுதான் பெயர். குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம் இருந்தால் போதும், உறுப்பினராக வேறு தகுதி எதுவும் வேண்டாம் என்பது ஏ.ஏ.வின் மரபுகளில் ஒன்று. கூட்டத்தின் நடுவில் ஒரு பை சுற்றி வரும். டீ, வாடகைச் செலவுக்கு உறுப்பினர்கள் முடிந்ததைப் போடுவார்கள். புதிதாக வந்தவர் போட வேண்டியதில்லை. வெளியார் நன்கொடை கொடுத்தாலும் ஏ.ஏ. வாங்காது. அரசியல்வாதி, மில் முதலாளி, சாமியார் யார் கொடுத்தாலும் சரி. அதனால்தான் யாருக்கும் கடமைப்படாமல் ஓடுகிறது.

சர்ச் விஷயம். சாயங்காலம் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்த வாடகையில் இடம் கொடுப்பவர்கள் பெரும்பாலும் சர்ச்சும் பள்ளிக்கூடமும்தான், வேறு காரணம் இல்லை. எங்கள் குழுவில் விபூதி பூசியவரும் வருகிறார், தொழுகை முடித்துவிட்டு வருகிறவரும் இருக்கிறார்.

உள்ளே என்ன நடக்கும் என்றால், ஒருவர் தலைமை வகிப்பார். அது நிரந்தரப் பதவி இல்லை, ஆள் மாறிக்கொண்டே இருக்கும். முதலில் கொஞ்சம் வாசிப்பு. அப்புறம் ஒவ்வொருவராக எழுந்து பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று சொல்லிவிட்டுத் தன் கதையைச் சொல்வார். எப்படிக் குடித்தேன், என்ன ஆனது, இப்போது எப்படி இருக்கிறேன். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவதில்லை, அறிவுரை சொல்வதுமில்லை. உங்கள் முறை வந்தால் "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொல்லி உட்கார்ந்துவிடலாம். யாரும் வற்புறுத்த மாட்டார்கள்.

தெரிந்தவன் பார்த்துவிடுவான் என்ற பயத்துக்கு ஒன்றுதான் சொல்ல முடியும். அந்த அறைக்குள் அவன் இருந்தால், நீங்கள் எதற்கு வந்தீர்களோ அதற்குத்தான் அவனும் வந்திருக்கிறான். இருந்தாலும் ஆரம்பத்தில் பக்கத்து ஊர்க் கூட்டத்துக்குப் போவது நம் பக்கம் வழக்கம்தான். மதுரைக்கு வாருங்கள், பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்.

இரவுப்பணி

பூட்டூர்க்காரன், கூட்டம் பற்றி மற்றவர்கள் சொல்வார்கள். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். உங்கள் பதிவில் ஒரு வரி என்னை உடனே எழுத வைத்தது. காலையில் குடிக்காவிட்டால் கை நடுங்குகிறது என்றீர்களே, அதுதான் அந்த வரி.

உடம்பு சாராயத்துக்குப் பழகிவிட்டது என்பதற்கு அது அடையாளம். இந்த நிலையில் இருப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்தக் கூடாது. கடைசியாகக் குடித்து ஆறேழு மணி நேரத்தில் நடுக்கம், வியர்வை, குமட்டல், படபடப்பு தொடங்கும். முதல் இரண்டு நாளுக்குள் சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம் நாளிலிருந்து நாலாம் நாள் வரைக்குள் சிலருக்குக் குழப்பம் வரும். இல்லாத ஆள் தெரிவார், பூச்சி ஊர்வதாகச் சொல்வார்கள், காய்ச்சல் ஏறும், இடம் காலம் தெரியாது. இதைப் பேய் பிடித்தது என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிப் போகும் வீடுகள் இன்னும் உண்டு. இது உயிரைப் பறிக்கக்கூடிய நிலை. சிகிச்சை கொடுத்தால் பெரும்பாலும் தடுத்துவிடலாம்.

சிகிச்சை பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நடுக்கத்தையும் வலிப்பையும் அடக்கும் மாத்திரையை முதலில் கூடுதலாகக் கொடுத்து, ஒரு வாரம் போலப் படிப்படியாகக் குறைப்பார்கள். தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். நீண்ட நாள் குடித்தவர்களுக்கு அது குறைந்திருக்கும், அப்படியே விட்டால் நினைவாற்றல் நிரந்தரமாகக் கெடும். இந்த மாத்திரைகளை மெடிக்கலில் நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். குடித்துக்கொண்டே போட்டால் மூச்சு அடங்கிவிடும் ஆபத்து உண்டு.

திண்டுக்கல் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய் டாக்டரிடம் "தினமும் குடிக்கிறேன், காலையில் நடுங்குகிறது, நிறுத்த வேண்டும்" என்று இதே வார்த்தையில் சொல்லுங்கள். முன்பு நிறுத்தியபோது வலிப்பு வந்திருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மாவட்ட மனநலத் திட்டம் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறது. நேரில் போவதற்கு முன் பேச வேண்டும் என்றால் 14416, டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். போதை மீட்புக்கென்றே மத்திய அரசின் 14446 இருக்கிறது. இரண்டுக்கும் காசு இல்லை.

கூட்டத்துக்குப் போகாதீர்கள் என்று சொல்லவில்லை. உடம்பை டாக்டர் பார்க்கட்டும், மனதுக்குக் கூட்டம் இருக்கட்டும். எங்கள் வார்டிலிருந்து வீட்டுக்குப் போகிறவர்களில் கூட்டத்தில் ஒட்டிக்கொள்கிறவர்களை அப்புறம் நாங்கள் வெளிநோயாளியாகத்தான் பார்க்கிறோம். மற்றவர்களில் பலர் அதே கட்டிலுக்குத் திரும்பி வருகிறார்கள்.

கறுப்புச்சட்டை

வைகைக்கரை அண்ணன் சொன்னது சரி, ஆனால் ஒன்றை விட்டுவிட்டார். குடியிலிருந்து மீள ஏ.ஏ. காட்டும் பன்னிரண்டு படிகளில் பாதியில் கடவுள் வருகிறார். நம்மைவிடப் பெரிய சக்தியிடம் நம்மை ஒப்படைக்க வேண்டும், குறைகளை நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்றெல்லாம் இருக்கிறது. நான் பெரியாரைப் படித்து வளர்ந்தவன். போன முதல் நாளே பிரார்த்தனையோடு முடித்தார்கள், எனக்கு எழுந்து ஓடிவிடலாம் போலிருந்தது. புதிதாகப் போகிறவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுவதுதான் நேர்மை.

வைகைக்கரை

> பாதியில் கடவுள் வருகிறார்

உண்மைதான் தோழர். "நாம் புரிந்துகொண்ட வகையில்" என்ற சொல்லும் சேர்ந்தே வருகிறது. நாத்திகர்கள் ஆரம்பக் காலத்திலேயே உள்ளே இருந்தார்கள், அவர்கள் சண்டை போட்டதால்தான் அந்தச் சொல் வந்தது. எங்கள் குழுவில் ஒரு கம்யூனிஸ்ட்காரர் இருக்கிறார். என்னைவிடப் பெரிய சக்தி இந்தக் குழுதான், நான் தனியாக முயன்று தோற்றதை இந்த இருபது பேர் சேர்ந்து நடத்திக் காட்டினார்கள் என்பார். பிரார்த்தனையின்போது சும்மா நிற்பார். யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

நீங்கள் ஓடிவிட்டீர்களா, உட்கார்ந்தீர்களா?

கறுப்புச்சட்டை

உட்கார்ந்தேன். இன்றும் போகிறேன். பிரார்த்தனையை இன்றும் சொல்வதில்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் அந்த ஒரு காரணத்துக்காக வாசலோடு திரும்பிவிடக் கூடாது என்பதற்காகத்தான் எழுதினேன். அடியோடு ஒத்துவராது என்பவர்களுக்கு ஸ்மார்ட் ரெக்கவரி என்று ஒன்று இருக்கிறது. 1994இல் அமெரிக்காவில் தொடங்கியது. கடவுள் பேச்சு இல்லை, எண்ணங்களையும் பழக்கத்தையும் மாற்றும் பயிற்சி முறை. இணையத்தில் கூட்டங்கள் நடக்கின்றன, ஆனால் பெரும்பாலும் ஆங்கிலத்தில். தமிழில் நேரில் உட்கார்ந்து பேச வேண்டும் என்றால் இன்றைக்கு நம் ஊர்களில் ஏ.ஏ.தான் கைக்கு எட்டுகிறது.

தரவுதேடி

இதெல்லாம் உண்மையில் வேலை செய்கிறதா என்று யாரும் கேட்கவில்லையே? நான் பார்த்தவரை பேசிப் பேசியே அழுகிறார்கள். குடி ஒரு நோய் என்றால் மருந்துதானே தீர்வு?

இரவுப்பணி

நியாயமான கேள்வி. 2020இல் காக்ரேன் நிறுவனம் இதைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. 27 ஆய்வுகள், 10,565 பேர். ஏ.ஏ.வும், ஏ.ஏ.வில் சேர்வதற்கு மருத்துவப் பணியாளர்கள் முறைப்படி வழிகாட்டும் சிகிச்சையும், மற்ற மனநலச் சிகிச்சை முறைகளோடு ஒப்பிட்டால் முழுமையாகக் குடியை விட்டிருப்பதில் அதே அளவோ கூடுதலாகவோ பலன் தந்தன என்பது முடிவு. குடிக்கும் அளவைக் குறைப்பது போன்ற மற்ற விஷயங்களில் பெரிய வித்தியாசம் இல்லை.

மருந்தும் உண்டு. நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் இரண்டும் ஆசையைக் குறைக்க உதவும். டைசல்ஃபிராம் வேறு வகை. அதைப் போட்டுக்கொண்டு குடித்தால் முகம் சிவந்து, வாந்தி எடுத்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் விழும். மருந்தை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அந்த விளைவு வரலாம். இதை இங்கே எழுதக் காரணம் இருக்கிறது. குடிக்கிறவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலந்து கொடுக்க மாத்திரை இருக்கிறது என்று கடைகளிலும் விளம்பரங்களிலும் விற்கிறார்கள். தயவுசெய்து யாரும் செய்யாதீர்கள். தெரியாமல் குடித்துவிட்டு இதயம் நின்றுபோனால் அந்தப் பழி வாழ்நாள் முழுக்க வீட்டில் இருக்கும். நோயாளி தெரிந்து, சம்மதித்து, டாக்டர் ஈரலையும் இதயத்தையும் பார்த்த பிறகு எடுக்க வேண்டிய மருந்து அது.

மருந்தா கூட்டமா என்று சண்டை எங்கள் வார்டில் நடப்பதில்லை. இரண்டையும் எழுதிக் கொடுக்கிறோம்.

கார்த்திகைமாதம்

எங்கள் தெருவில் யாரும் டாக்டரிடமும் போவதில்லை, கூட்டத்துக்கும் போவதில்லை. மாலை போடுவார்கள். மாலை போட்ட ஒரு மண்டலமும் ஒரு சொட்டுத் தொட மாட்டார்கள், மலைக்குப் போய் வந்து மாலை கழற்றிய அன்றே பாருக்குப் போவார்கள். கோயிலில் கயிறு கட்டிக்கொள்வதும் உண்டு. அதைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை, என் தகப்பனார் அப்படித்தான் வருடத்தில் சில வாரமாவது எங்களோடு இருந்தார். சாமிக்குப் பயந்து நிறுத்த முடிகிறவருக்குக் கூட்டம் எதற்கு?

வைகைக்கரை

மாலை போட்ட நாட்களில் அவரைச் சுற்றி என்ன இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். ஊரே அவரைச் சாமி என்று கூப்பிட்டது. கூட மாலை போட்டவர்கள் தினமும் பஜனைக்கு வந்தார்கள். பழைய சகாக்கள் கண்ணியமாக விலகி நின்றார்கள். மாலையைக் கழற்றியதும் இத்தனையும் ஒரே நாளில் போய்விட்டது. கூட்டம் என்பது மண்டலத்தோடு முடியாத துணை. எங்களிடம் வருகிறவர்களில் மாலை போடுகிறவர்களும் இருக்கிறார்கள், மாலை கழற்றிய சாயங்காலம் நேராகக் கூட்டத்துக்கு வந்துவிடுவார்கள்.

இரவுப்பணி அம்மா சொன்னது இங்கேயும் பொருந்தும். தினமும் காலையில் குடிக்கிறவர் மாலை போட்ட அன்றே திடீரென்று நிறுத்தி, மூன்றாம் நாள் பிதற்ற ஆரம்பிப்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாலை போடுவதற்கு முன் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

காவிரிப்பெண்

கூட்டத்துக்குக் குடிக்கிறவர் மட்டும்தான் போக வேண்டும் என்ற நினைப்பிலேயே எல்லோரும் பேசுகிறீர்கள். நான் மனைவி.

என் கணவர் வேலைக்குப் போகாத நாட்களில் ஆபீசுக்கு போன் செய்து காய்ச்சல் என்று சொன்னவள் நான். பாட்டிலைத் தேடித் தேடிச் சிங்க்கில் ஊற்றினேன். சம்பளத் தேதியில் ஆபீஸ் வாசலில் போய் நின்றேன். கடன்காரன் வந்தால் நகையை வைத்துக் கட்டினேன். அவர் மாற வேண்டும் என்று திருச்சியில் ஒரு ஆலோசகரைப் பார்க்கப் போனபோது, "அவர் வராவிட்டால் போகட்டும், நீங்கள் அல்-அனானுக்குப் போங்கள்" என்றார். எனக்குக் கோபம் வந்தது. குடிப்பது அவர், கூட்டத்துக்கு நானா என்று.

அல்-அனான் குடும்பத்தினருக்கான தனி அமைப்பு, 1951இல் தொடங்கியது. அங்கே எப்படிக் கணவரை நிறுத்த வைப்பது என்று யாரும் சொல்லித்தர மாட்டார்கள். நாலைந்து பெண்கள் இருந்தார்கள், ஒரு பெரியவர் தன் மகனுக்காக வந்திருந்தார். ஒரு அம்மா, "என் வீட்டுக்காரர் இன்னும் குடிக்கிறார், நான் ராத்திரி தூங்குகிறேன்" என்றார். அந்த இரண்டும் சேர்ந்து இருக்க முடியும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது.

அதற்கு அப்புறம் ஆபீசுக்குப் பொய் சொல்வதை நிறுத்தினேன். கடனைக் கட்டுவதை நிறுத்தினேன். சமையல் செய்தேன், பிள்ளைகளைப் பார்த்தேன், அவரைத் திட்டவில்லை. வேலைக்கு மெமோ வந்தபோது முதல் முறையாக அதை அவரே படித்தார். அவர் ஏ.ஏ.வுக்குப் போனது அதற்கும் வெகு காலம் கழித்து. போகாமலே இருந்திருக்கலாம், அப்படி ஆன வீடுகளும் எங்கள் குழுவில் உண்டு.

பூட்டூர்க்காரன் அண்ணா, உங்கள் மனைவி பேசாமல் இருப்பது உங்கள் மேல் வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். களைத்துப் போயிருப்பார். நீங்கள் போகும்போது அவருக்கும் ஒரு கூட்டம் இருக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள். போ என்று சொல்ல வேண்டாம்.

பெயர்வேண்டாம்

ஒரு பெண்ணாக எழுதுகிறேன். நானும் குடிப்பவளாக இருந்தவள். சென்னையில் ஐ.டி. வேலை, தனி வீடு, கதவைச் சாத்திக்கொண்டு ஓட்கா. வெளியே யாருக்கும் தெரியாது.

முதன்முதலில் கூட்டத்துக்குப் போனபோது வாசலில் இருந்தவர் மரியாதையாக, "அல்-அனான் அடுத்த அறையில்மா" என்றார். அவர் மேல் தப்பில்லை, அறை முழுக்க ஆண்கள். நான்தான் குடிநோயாளி என்று சொல்ல வேண்டியிருந்தது. அதைச் சொல்ல எடுத்த மூச்சு இன்னும் நினைவிருக்கிறது. உட்கார வைத்து டீ கொடுத்தார்கள், வயதான ஒருவர் தன் மகளிடம் பேசுவதுபோல் பேசினார். ஆனாலும் மனதில் இருந்த சில விஷயங்களை ஆண்கள் நடுவில் சொல்ல முடியவில்லை. பெண்களுக்கு மட்டுமான இணையவழிக் கூட்டத்தில்தான் அவற்றைச் சொன்னேன். கேமராவை அணைத்து வைக்கலாம், வேறு பெயர் போட்டுக்கொள்ளலாம். இதைப் படிக்கிற பெண் யாராவது இருந்தால், ஆண்கள் கூட்டம் என்று நினைத்து ஒதுங்காதீர்கள். நீங்கள் ஒருத்தி மட்டும் இல்லை.

தெற்கத்தியான்

கூட்டம் தேடும்போது ஒரு எச்சரிக்கை. கூட்டம் வேறு, மறுவாழ்வு மையம் வேறு. என் தம்பியை வீட்டில் தெரியாத்தனமாக ஒரு மையத்தில் சேர்த்தார்கள். ராத்திரி வண்டி வந்து நாலு பேர் தூக்கிப் போனார்கள். அங்கே டாக்டரும் இல்லை, செவிலியரும் இல்லை. அடி இருந்தது. வெளியே வந்தவன் குடியைவிட எங்களை அதிகம் வெறுத்தான்.

2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் இந்த மையங்கள் மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழைக் கேளுங்கள், மனநல மருத்துவர் வருகிறாரா, குடும்பம் பார்க்க அனுமதி உண்டா என்று கேளுங்கள். தயங்கினால் திரும்பிவிடுங்கள். தானாக விரும்பிச் சேர்கிறவருக்கு வெளியே வரக் கேட்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது.

நல்லவையும் உண்டு. சென்னை இந்திரா நகரில் டி.டி.கே. மருத்துவமனை 1980இலிருந்து இதே வேலையைச் செய்கிறது. சாந்தி ரங்கநாதன் தன் கணவரைக் குடிக்குப் பறிகொடுத்த பிறகு தொடங்கியது. குடும்பத்துக்கும் சேர்த்துச் சிகிச்சை என்பது அவர்கள் முறை. கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்திலும் போதை மீட்புச் சிகிச்சை இருக்கிறது.

தரவுதேடி

முதலில் கேட்டதற்கு இரவுப்பணி பொறுமையாகப் பதில் சொன்னதற்கு நன்றி. தேடியதில் கிடைத்ததை வைக்கிறேன். எய்ம்ஸ் மருத்துவமனை ஆய்வு நடத்தி 2019இல் மத்திய அரசு வெளியிட்ட அறிக்கைப்படி நாட்டில் ஏறத்தாழ 2.9 கோடிப் பேர் மதுவுக்கு அடிமைப்பட்ட நிலையில் இருக்கிறார்கள். அவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவதொரு சிகிச்சை பெற்றதாகச் சொன்னார். உள்நோயாளியாகச் சேர்ந்தது 180 பேருக்கு ஒருவர். மீதிப் பேருக்குப் பக்கத்தில் கிடைப்பது என்ன என்று பார்த்தால், காசு கேட்காத ஒரு கூட்டம் எவ்வளவு பெரிய விஷயம் என்று புரிகிறது. தமிழ்நாட்டில் 2003 கடைசியிலிருந்து சில்லறை விற்பனை முழுவதும் அரசின் டாஸ்மாக் கையில். கடைக்கு வழிகாட்டிப் பலகை இருக்கிறது. மீள்வதற்கான இடத்துக்கு ஒரு சின்ன போஸ்டர், அதுவும் பூட்டூர்க்காரன் கண்ணில் தற்செயலாகப் பட்டிருக்கிறது. ஒவ்வொரு கடையின் சுவரிலும் 14446 எண்ணைப் பெரிதாக எழுதி வைக்க என்ன தடை?

பூட்டூர்க்காரன்

எல்லோருக்கும் பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரவுப்பணி அக்கா சொன்னபடி முதலில் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சேர்த்துக்கொண்டார்கள். மாத்திரை, ஊசி, நிறையத் தூக்கம். நடுக்கம் நின்றது. வெளியே வந்ததும் மில்லுக்குத் திரும்புவதற்கு முன் மதுரைக்குப் போனேன்.

கட்டடத்தைக் கண்டுபிடித்துவிட்டு ரோட்டின் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்றேன். கூட்டம் தொடங்கும் நேரம் தாண்டிவிட்டது. ஒருவர் வந்து, "கூட்டத்துக்கா? நானும் லேட்டுதான், வாங்க" என்றார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை. அவரோடு போய்விட்டேன்.

ஒருவர் பேசினார், லாரி டிரைவராம். மகள் பள்ளி ஆண்டு விழாவுக்கு வராதே என்று சொன்னதைச் சொன்னார். அழவில்லை, சாதாரணமாகச் சொன்னார். என் வீட்டிலும் அது நடந்திருக்கிறது, நான் யாரிடமும் சொன்னதில்லை. என் முறை வந்தபோது கேட்க மட்டும் வந்தேன் என்று சொல்லத்தான் எழுந்தேன். பெயரைச் சொன்னேன், அப்புறம் பேசிவிட்டேன். என்ன பேசினேன் என்பது சரியாக நினைவில்லை. முடித்ததும் யாரும் புத்தி சொல்லவில்லை, அது பெரிய நிம்மதி.

ஒருவர் தன் போன் நம்பரைக் கொடுத்து, குடிக்கத் தோன்றினால் குடித்த பிறகு கூப்பிடாதே, அதற்கு முன்னால் கூப்பிடு என்றார். திண்டுக்கல் பக்கத்திலேயே குழு இருக்கிறதாம், அதையும் சொன்னார்கள். அங்கே போகத் தீர்மானித்திருக்கிறேன்.

இப்போது கேள்வி வேறு. ஷிப்டில் கூட வேலை செய்கிறவர்கள் எல்லாம் என்னோடு குடித்தவர்கள். சம்பளத் தேதி வருகிறது. சித்தப்பா மகன் கல்யாணமும் வருகிறது. என்ன சொல்லித் தப்பிப்பது?

வைகைக்கரை

டாக்டர் மாத்திரை கொடுத்திருக்கிறார், குடித்தால் செத்துவிடுவேன் என்று சொல்லுங்கள். அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். சம்பளத் தேதியில் ஏ.டி.எம். கார்டு வீட்டில் இருக்கட்டும், ஷிப்ட் முடிந்ததும் வேறு வாசல் வழியாக வேறு பஸ் பிடியுங்கள். கல்யாணத்துக்குத் தாலி கட்டும் நேரத்துக்குப் போய், சாப்பிட்டு, உடனே கிளம்புங்கள். முந்தின நாள் ராத்திரி மண்டபத்தில் தங்காதீர்கள், பாட்டில் திறப்பது அப்போதுதான். இழவு வீடு இன்னும் கஷ்டம். போக வேண்டியதுதான், ஆனால் குழுவிலிருந்து ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். நாங்கள் அப்படி எத்தனையோ வீடுகளுக்குத் துணைக்குப் போயிருக்கிறோம்.

பசி, கோபம், தனிமை, அசதி, இந்த நாலில் ஒன்று இருக்கும்போதுதான் பெரும்பாலும் ஆசை வரும். நைட் ஷிப்ட் முடிந்து வருகிறவருக்கு நாலும் சேர்ந்தே இருக்கும். முதலில் சாப்பிடுங்கள். அப்புறம் போன் செய்யுங்கள்.

அந்த நம்பர் கொடுத்தவரைப் பற்றி ஒன்று. அவருக்குத் தொந்தரவு என்று நினைத்துக் கூப்பிடாமல் இருந்துவிடாதீர்கள். ஏ.ஏ. தொடங்கியதே அப்படித்தான். 1935இல் நியூயார்க்கைச் சேர்ந்த பில் வில்சன் என்ற பங்கு வர்த்தகர், குடியை விட்டுச் சில மாதம் ஆனவர், வேலை விஷயமாக ஓஹியோ மாநிலத்தின் ஆக்ரன் ஊருக்குப் போனார். வியாபாரம் கைகூடவில்லை. ஹோட்டல் வரவேற்பறையில் நிற்கிறார், ஒரு பக்கம் பார், இன்னொரு பக்கம் தொலைபேசி. தொலைபேசியில் சர்ச்சுகளைக் கூப்பிட்டு, நான் பேசுவதற்கு இந்த ஊரில் ஒரு குடிநோயாளி வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கிடைத்தவர் பாப் ஸ்மித் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். அந்த மருத்துவர் கடைசியாகக் குடித்த நாள், ஜூன் 10, அதைத்தான் ஏ.ஏ. பிறந்த நாளாக வைத்திருக்கிறார்கள். பில் போன் செய்தது டாக்டரைக் காப்பாற்ற இல்லை, தான் குடிக்காமல் இருக்க. உங்களிடம் நம்பர் கொடுத்தவருக்கும் நீங்கள் கூப்பிடுவது அப்படித்தான் உதவுகிறது.

கறுப்புச்சட்டை

ஒருவேளை மறுபடி குடித்துவிட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் இருந்துவிடாதீர்கள். எங்கள் குழுவில் அப்படி வந்து பின்வரிசையில் உட்காருகிறவர்களுக்குத்தான் முதலில் டீ போகும். யாரும் கணக்குக் கேட்பதில்லை. குடிக்காமல் இருந்த நாட்களில் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்திருக்கும், பழைய அளவையே குடித்தால் ஆபத்து. அன்றே டாக்டரிடமும் சொல்லுங்கள். அப்புறம், ஒரு குழு பிடிக்கவில்லை என்றால் வேறு குழு பாருங்கள். சில குழுக்களில் ஒருவரே நீளமாகப் பேசுவார், சிலவற்றில் பக்தி அதிகம். ஒரே கூட்டத்தை வைத்து முடிவு செய்ய வேண்டாம்.

குமரிமுனை

நானும் கேட்கலாமா? நாகர்கோவில் பக்கம். காலேஜ் முதல் வருடம். அப்பா குடிப்பார். எதற்கும் வர மாட்டார், ஆஸ்பத்திரி என்றாலே கத்துவார். சில நாள் அம்மாவை அடிக்கிறார். தங்கை ஒன்பதாம் வகுப்பு. இந்த இழை முழுவதும் படித்தேன், வர விருப்பம் இருக்கிறவர்களுக்குத்தான் எல்லாம் இருக்கிறது. எங்கள் மாதிரி வீட்டில் என்ன செய்வது?

காவிரிப்பெண்

கேட்டது நல்லதுப்பா. அடி முதல் விஷயம், குடி அடுத்தது. அடிக்கிற ராத்திரி 181க்குக் கூப்பிடுங்கள், அது பெண்களுக்கான உதவி எண், எந்நேரமும் எடுப்பார்கள். தங்கைக்கு ஆபத்து என்றால் 1098. உயிருக்குப் பயம் என்றால் 112. இந்த எண்களைத் தங்கைக்கும் மனப்பாடமாகச் சொல்லிக் கொடுங்கள். போதையில் இருக்கும்போது அப்பாவிடம் நியாயம் பேச வேண்டாம். அம்மாவையும் தங்கையையும் கூட்டிக்கொண்டு போக ஒரு வீடு, மாமாவோ பக்கத்து வீட்டு அக்காவோ, இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள். ரேஷன் கார்டு, சர்டிபிகேட்டுகள் ஒரு பையில் அந்த வீட்டில் இருக்கட்டும்.

அல்-அனானுக்கு அப்பா சம்மதம் தேவையில்லை, அவருக்குத் தெரியவும் தேவையில்லை. நீயும் போகலாம், அம்மாவும் போகலாம். வளரும் பிள்ளைகளுக்கென்று அலடீன் என்ற பிரிவும் இருக்கிறது, தங்கைக்கு அது. பக்கத்தில் இல்லை என்றால் இணையவழியில் கலந்துகொள்ளலாம். அம்மாவை உடனே சம்மதிக்க வைக்க முடியாது. முதலில் நீ போய்விட்டு வா.

இரவுப்பணி

குமரிமுனை தம்பி, உங்கள் அரசு மருத்துவக் கல்லூரி ஆசாரிபள்ளத்தில் இருக்கிறது. மனநலப் பிரிவில் அப்பா இல்லாமல் நீங்கள் மட்டும் போய்ப் பேசலாம், யாரும் திருப்பி அனுப்பக் கூடாது. அப்பா எவ்வளவு நாளாக, எவ்வளவு குடிக்கிறார், வலிப்பு வந்திருக்கிறதா, வேறு என்ன நோய் இருக்கிறது என்பதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். போய்விட்டு இங்கே எழுதுங்கள், அடுத்து என்ன என்று பார்ப்போம்.